முத்துத் தோட்டுக்குக் கொக்கி இல்லை

நெதர்லாந்தின் ஹேக் நகரில், மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த ‘முத்துத் தோடு அணிந்த பெண்’. உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. தைலவண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறவர்கள் பலரும் விரும்பி நகலெடுக்கும் ஓவியம் இது. பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். தூரிகையை எடுத்த பிறகே அதன் அருமை புரியும்.

முதல் சோதனை மூக்கு. மூக்கென்றால் ஒரு கோடு உண்டு என்று பழகிய கை, தானாகவே அதை இழுத்துவிடும். வெர்மீர் இழுக்கவில்லை. மூக்குத்தண்டும் அதற்கு அப்பால் ஒளிபட்ட கன்னமும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கின்றன. கோட்டை நிரப்புவது பார்ப்பவரின் கண். தோடும் அப்படித்தான்: மேலே அழுத்தமான ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டியின் மங்கலான பிரதிபலிப்பு. காதில் மாட்டும் கொக்கியே வரையப்படவில்லை. புத்தகத்தில் நூறு முறை பார்த்தவருக்கும் இது பிடிபடாது. வரைந்து பார்த்தால் பிடிபடும்.

அடுத்த பாடம் பொறுமை. வண்ணத்தில் கலந்த ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதற்கே நாள்கணக்கில் ஆகும்; எண்ணெய் கூடினால் இன்னும் தாமதமாகும். ஆகவே அடியில் எண்ணெய் குறைந்த பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடிய பூச்சு. வரிசை மாறினால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து, நாளடைவில் வெடிப்பு விடும். வெர்மீரும் முதலில் பழுப்பு, கறுப்புச் சாயல்களில் ஒளியையும் நிழலையும் அமைத்துக்கொண்டு, பிறகே நிறங்களுக்குப் போனார்.

2018இல் ஆய்வாளர்கள் இந்த ஓவியத்தை அடுக்கடுக்காகச் சோதித்தார்கள். பின்னணியில் வெர்மீர் வரைந்தது வெறும் இருட்டல்ல, மடிப்பு விழுந்த பச்சைத் திரை! அவுரி நீலமும் தாவர மஞ்சளும் சேர்ந்த அந்தப் பச்சை காலப்போக்கில் மங்கிப்போயிற்று. இன்றைய கறுப்பை அப்படியே பூசுகிறவர், வெர்மீர் நினைக்காத ஒன்றை நகலெடுக்கிறார்.

நகலெடுப்பது தொடக்கநிலைக்கு மட்டும் உரியதல்ல. ஐம்பது வயதைக் கடந்து, புகழின் உச்சியில் இருந்த ரூபன்ஸ், 1628–29இல் மத்ரித் நகரில் டிஷனின் ‘ஆதாமும் ஏவாளும்’ ஓவியத்தை நகலெடுத்தார். ஆதாமின் நிலையை மாற்றி, ஒரு கிளியையும் சேர்த்தார். இரண்டும் இன்று அந்நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1880இல் ஹார்லம் சென்று ஃபிரான்ஸ் ஹால்ஸின் ஓவியங்களை நகலெடுத்தார்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி பெற்று, ஓவியத்தின் முன்னால் நின்றே வரையலாம். நகல் மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். போலிகளைத் தடுக்கும் விதிதான். ஆனால் பழகுகிறவருக்கு அதனால் நன்மையே: அப்படியே ஒற்றியெடுக்க வழியில்லாததால், கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் உட்பட ஒவ்வொன்றையும் புதிதாக அளந்தே தீர வேண்டும்.