மலை உச்சியிலிருந்து ஒரு குரல்

ஒரே செய்தியை, ஒருவரையொருவர் அறியாத பெருங்கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் கொண்டு சேர்க்கும் வழியே வெகுஜன ஊடகம். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் இதை எளிய வடிவில் காணலாம். காவடிகள் நெருக்கியடிக்கும் படிகளில் ஒலிபெருக்கி பேசுகிறது: கூட்டத்தில் தவறிய பிள்ளை, மஞ்சள் சட்டை, வயது ஐந்து. முதலில் தமிழில், அடுத்து தெலுங்கில். எல்லை ஊரில் ஒரு மொழி மட்டும் போதாது. கேட்பவருக்குப் புரியாத அறிவிப்பு பிள்ளையைத் தாயிடம் சேர்க்காது.

ஒலிபெருக்கியின் எல்லை மலையடிவாரம். அச்சுக்கு அந்த எல்லை இல்லை. திருத்தணியைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ம.பொ.சி., மேடையில் முழங்கியதோடு நிற்காமல் ‘செங்கோல்’ இதழையும் நடத்தினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது.

அச்சைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். வானொலிக்குச் செவி போதும். 1924இல் சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமின்றி அது மூடப்பட, பின்னர் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. வயலில் நிற்பவரையும் அடுப்படியில் இருப்பவரையும் வேலை கெடாமல் எட்டியது வானொலியின் தனிச் சிறப்பு.

சினிமா கூட்டத்தைக் கொட்டகைக்கு அழைத்தது; 1975இல் சென்னைக்கு வந்த தொலைக்காட்சி, காட்சியை வீட்டுக்கே கொண்டுவந்தது. இவை யாவும் ஒருவழிப் பாதைகள். கைபேசியும் இணையமும்தான் கேட்பவரையும் பேசுபவராக்கின. மலைப்படியில் நிற்கும் பக்தர் இன்று காவடியாட்டத்தைப் படமெடுத்து, அந்தக் கணமே ஊருக்கு அனுப்புகிறார்.