கோளாறு கண்ணில் இல்லை

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் அறையில் நாங்கள் நம்பியிருக்கும் ஒரு வரிசை உண்டு. பெரிய எழுத்தில் தடுமாறுகிறவருக்குச் சின்ன எழுத்து அறவே தெரியாது. கிட்டப்பார்வை, புரை எல்லாவற்றிலும் அப்படித்தான். எங்கள் தெருத் தையற்காரர் சார்ட்டின் கீழ்வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டக் காட்டச் சொல்லிவிட்டு, மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தில் திணறினார். லென்ஸ் மாற்றுவதை அத்தோடு நிறுத்தினேன். கண்ணழுத்த நோய் முற்றினாலும் இப்படி ஆகலாம். ஆனால் அழுத்தமும் சரி, விழி நரம்பும் சரி.

"எத்தனை கண்ணாடிதான் மேடம் மாத்துறது? சட்டைக்குக் கையைத் தலைகீழா வச்சுத் தைக்கிறாரு" என்றார் மனைவி. மனிதருக்கு அறுபதுகூட ஆகவில்லை. மறதி கிடையாது, என் ரவிக்கை அளவை நோட்டைப் பார்க்காமல் சொன்னார்.

புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கத்திலும் எண் தெரியவில்லை. நிறக்குருடோ? அவர் பையிலிருந்த நூல்கண்டுகளையே எடுத்து நீட்டினேன். மயில்கழுத்து, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பிசகாமல் சொன்னார். நிறம் தெரிகிறது, புள்ளிகளும் தெரிகின்றன. அவை சேர்ந்து எண்ணாவதுதான் தெரியவில்லை. வெட்டிய துணி மேசையில் கிடக்க, அதைச் சட்டையாக்க ஆளில்லாத நிலை.

நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். ஸ்கேனில் மூளையின் பின்பகுதி சுருங்கியிருந்தது. 1988இல் ஃபிராங்க் பென்சன் என்ற அமெரிக்க நரம்பியலாளரும் சகாக்களும் விவரித்த நிலை இது. பெரும்பாலும் இதற்கு அடிப்படை அல்சைமர்தான். ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டுக்கு 59 வயதில், 2007இல், இதைத்தான் கண்டுபிடித்தார்கள். தட்டச்சு செய்ய முடியாமல் போனது. சொல்லச் சொல்லப் பதியவைத்து, 2015இல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை நாவல் எழுதினார். அல்சைமர் என்றாலே பேரப்பிள்ளை பெயர் மறப்பது என்று நினைப்பவர்களுக்கு இதை நம்புவது கடினம்.

மறதியில் தொடங்கும் வழக்கமான அல்சைமரில் டௌ என்ற புரதத்தின் முடிச்சுகள் முதலில் நினைவுப் பகுதியை ஒட்டிச் சேர்கின்றன. சும்மா உட்கார்ந்து பழையதை அசைபோடும்போது ஒன்றாக வேலை செய்யும் பகுதிகளை 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் என்ற ஆய்வாளரின் குழு ஒரு வலைப்பின்னலாக அடையாளம் காட்டியது. அல்சைமரில் அந்தப் பிணைப்பு தளர்வதை 2004இல் ஸ்டான்ஃபோர்டில் பார்த்தார்கள். தையற்காரருக்கு வந்த வகையில் அமிலாய்டு என்ற இன்னொரு அல்சைமர் புரதத்தின் படிவு மூளையெங்கும் பரவியிருந்தாலும், டௌ பின்பகுதியில்தான் அதிகம் குவிகிறது. அதனால் எது எங்கே இருக்கிறது, எதோடு எது சேரும் என்று கணக்கிடும் வலை முதலில் அறுகிறது. புரதங்கள் அதே இரண்டுதான். நோயாளி போய் நிற்கும் கதவுதான் வேறு: ஒருவர் மறதி என்று டாக்டரிடம் போகிறார், இன்னொருவர் கண்ணாடிக் கடைக்கு வருகிறார்.

பவர் சரியாக இருந்தும் வரி விட்டு வரி தாவிப் படிப்பது, படிக்கட்டின் விளிம்பு பிடிபடாமல் காலைத் துழாவுவது, கண்முன் இருக்கும் சாவியைத் தேடுவது – இவை தொடர்ந்தால் இன்னொரு கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். நானே வியாபாரி, இருந்தும் சொல்கிறேன்.

மறதி வகையிலும் பார்வை தப்புவதில்லை. நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் மங்கும். பாஸ்டன் ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டு, கோப்பைகளுக்குப் பதிலாகச் சிவப்பு நிறத்தில் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடுதலாக உள்ளே போனதாக 2004இல் எழுதினார்கள். ஒன்பதே பேரிடம் செய்த சோதனை, அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தட்டு மாற்றுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் டம்ளர்தான் தொல்லை. பளபளப்பில் தண்ணீரின் மட்டமே தெரியாது. நிறமுள்ள டம்ளர் வாங்கிவிடுங்கள். தயிர்சாதத்தை வெள்ளைப் பீங்கானில் போடாதீர்கள். வாழை இலை கிடைத்தால் அதைவிட எடுப்பான பின்னணி வேண்டியதில்லை.