பழங்காலப் பண்ணையில் வேலைக்கு ஆள் தேவை

நிலத்தில் ஆளுயரத்துக்கு ஒரு குழி தோண்டுகிறோம். அதில் ஒரு டன் கோதுமையைக் கொட்டுகிறோம். குழியின் வாயைக் களிமண்ணால் மூடி, மேலே மண்ணையும் குவித்துவிடுகிறோம். குளிர்காலம் முழுவதும் அதன்மேல் மழையும் பனியும் பெய்கின்றன. வசந்த காலத்தில் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

"எல்லாம் முளைத்திருக்கும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்து நாறும்" என்றுதானே சொல்வீர்கள்? தொல்பொருள் ஆய்வாளர்கள் பலருக்கும் இதே ஐயம் இருந்தது. தென் இங்கிலாந்தில் இரும்புக் காலத்து மக்கள் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இடங்களைத் தோண்டும்போதெல்லாம் இத்தகைய குழிகள் அகப்பட்டன. டேன்பரி என்ற குன்றுக் கோட்டையில் மட்டும் ஆயிரக்கணக்கான குழிகள் இருந்தன. இவை தானியம் சேமித்த குழிகள் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆனால் ஒரு குழி சில ஆண்டுகளிலேயே பூசணம் ஏறிக் கெட்டுவிடும், பிறகு அதில் குப்பையைக் கொட்டிவிட்டுப் புதுக் குழி வெட்டியிருப்பார்கள், அதனால்தான் இத்தனை குழிகள் என்றும் ஊகித்தனர்.

இந்த ஊகம் சரியா என்பதை உட்கார்ந்த இடத்தில் வாதாடித் தீர்க்க முடியாது. குழியை வெட்டித்தான் பார்க்க வேண்டும். குழியில் போடுவதற்கு அக்காலத்துத் தானியம் வேண்டும். தானியம் வேண்டுமானால் அதை அக்காலத்து முறையில் பயிரிட வேண்டும். பயிரிட ஏர், ஏருக்கு மாடு, மாட்டுக்குத் தீவனம், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆட்கள்! ஒரு குழியைப் பற்றிய கேள்வி நம்மை ஒரு முழுப் பண்ணைக்கே இழுத்துச் சென்றுவிடுகிறது.

அப்படிப்பட்ட பண்ணை ஒன்று 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், பட்சர் குன்றிலிருந்து நீளும் திட்டு ஒன்றில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தொல்பொருளியல் மன்றம் இதற்கு ஏற்பாடு செய்தது. பீட்டர் ரெனால்ட்ஸ் என்பவர் இயக்குநரானார். 'பட்சர் பழங்காலப் பண்ணை' என்ற பெயருடன் அது இன்றும் நடைபெறுகிறது. 1991 முதல் சால்ட்டன் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. பார்ப்பதற்குப் பழங்காலத்துக் கிராமத்தைப் போல இருக்கும் இவ்விடம் உண்மையில் ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடம். இங்கே முக்கியமான ஆய்வுக் கருவிகள் இரண்டு: ஆண்டுதோறும் சுழன்று வரும் பருவங்கள், வேலை செய்யும் கைகள். சம்பளம் பெறும் ஊழியர்கள் சிலரே. சுற்றுப்புறத்து மக்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் தொண்டர்களாக வந்து ஊதியமின்றி உழைக்கிறார்கள். ஆடுகளுக்குத் தீனி வைப்பதிலிருந்து கூரை வேய்வதுவரை எல்லா வேலைகளிலும் இவர்கள் கை இருக்கிறது.

குழிக்குள் நடந்தது என்ன?

முதலில் நம் கேள்விக்கு விடை காண்போம். ரெனால்ட்ஸ் குழிகளை வெட்டித் தானியத்தை நிரப்பி மூடினார். வசந்தத்தில் திறந்தபோது, குழியின் சுவரையும் மூடியையும் ஒட்டியிருந்த மெல்லிய அடுக்கு மட்டும் முளைத்துக் கெட்டுப் போயிருந்தது. உள்ளே இருந்த தானியம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. அதை விதைத்தால் நன்றாக முளைக்கவும் செய்தது!

காரணம் இதுதான். தானியம் உயிருள்ள பொருள். அது மெதுவாகச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. மண்ணின் ஈரம் முதலில் எட்டுவது ஓரத்துத் தானியங்களை. அவை முளைக்கத் தொடங்குகின்றன. முளைக்கும் விதைக்கு ஆக்ஸிஜன் மிகுதியாகத் தேவை. எனவே குழிக்குள் அடைபட்ட காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை அவை விரைவில் தீர்த்துவிட்டு, கார்பன்-டை-ஆக்ஸைடை வெளிவிடுகின்றன. ஆக்ஸிஜன் தீர்ந்ததும் முளைப்பது நின்றுவிடுகிறது. பூச்சிகளும் பூசணங்களும் பெருக முடிவதில்லை. உள்ளேயிருக்கும் தானியம் உறங்கும் நிலையில் கிடக்கிறது. ஓரத்து அடுக்கு தன்னையே பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லலாம். இங்கிலாந்தின் குளிரும், நீரை எளிதில் வடியவிடும் வெண்சுண்ணப் பாறையும் இதற்குத் துணை செய்தன.

அதே குழியை அடுத்த ஆண்டும் பயன்படுத்த முடிந்தது. அதற்கடுத்த ஆண்டுகளிலும் முடிந்தது. ஆகவே 'சில ஆண்டுகளில் குழி கெட்டுவிடும்' என்ற ஊகம் ஆட்டம் கண்டது. இது சிறிய விஷயம் அல்ல. ஓர் ஊரில் எத்தனை குழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு பயன்பட்டது என்பதை வைத்துத்தான் அவ்வூரின் விளைச்சலையும் மக்கள் தொகையையும் கணக்கிட முயன்றார்கள். குழியின் ஆயுள் மாறினால் கணக்கு முழுவதும் மாறிவிடும் அல்லவா?

இன்னொன்றும் தெரிந்தது. குழியைத் திறந்த உடனே காற்று உள்ளே புகுந்துவிடும். பிறகு தானியம் விரைவில் கெடத் தொடங்கும். ஆகவே நம் வீட்டுக் குதிரிலிருந்து எடுப்பதுபோல அன்றாடம் இரண்டு படி எடுத்துச் சமைப்பதற்கு இது உதவாது. திறந்தால் முழுவதையும் அள்ளிவிட வேண்டும். எனவே, அடுத்த விதைப்புக்கான விதையையோ, மொத்தமாகக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் தானியத்தையோதான் இவ்வாறு புதைத்திருக்க வேண்டும். ஒரு டன் தானியத்தை விரைவாக அள்ளி வெளியேற்ற எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குழி திறக்கும் நாள் அக்காலத்திலும் ஊர் கூடிய நாளாகத்தான் இருந்திருக்கும். அவசரப்பட்டு உள்ளே இறங்கவும் கூடாது. கார்பன்-டை-ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. குழிக்குள்ளேயே தங்கி நிற்கும். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இத்தகைய நச்சுக் காற்றுக்கு அஞ்சியே.

நமக்குத் தெரிந்த கோதுமைதான்!

குழிக்குத் தேவையான தானியம் வயலிலிருந்து வர வேண்டும். இரும்புக் காலத்தில் பயிரான கோதுமைகளில் முக்கியமானவை எம்மர், ஸ்பெல்ட் என்ற இரண்டு. எம்மர் என்றதும் ஏதோ அயல்நாட்டுப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் கடைகளில் 'சம்பா கோதுமை' என்று விற்கிறதே, அது இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இவ்வகைக் கோதுமையில் உமி தானியத்தோடு இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். கதிரை அடித்தால் மட்டும் போதாது. நெல்லைப்போலக் குத்திப் புடைக்கவும் வேண்டும். அந்த உமியே பறவைகளிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் தானியத்தைக் காக்கிறது.

இரசாயன உரமின்றி, பூச்சி மருந்துமின்றிப் பயிரிட்டதில் கிடைத்த விளைச்சல் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. சில ஆண்டுகளில் அது ஹெக்டேருக்கு 2 டன்னையும் தாண்டியது. இரும்புக் காலத்து உழவர்கள் அரைவயிற்றுக் கஞ்சிக்காக அல்லாடியவர்கள் என்ற எண்ணத்தை இது அசைத்துவிட்டது. எனினும் ஓர் ஆண்டு விளைச்சலை வைத்து முடிவு கட்ட முடியாது. ஓர் ஆண்டு மழை பெய்யும். மறு ஆண்டு காயும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளில் பத்துத் தடவை சோதனை செய்யலாம். வயலில் பத்துத் தடவை சோதிக்கப் பத்து ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டும் யாரேனும் களை பறிக்க வேண்டும், கதிர் அறுக்க வேண்டும், எடை போட்டுக் குறித்து வைக்க வேண்டும். ஓர் ஆண்டு ஆள் இல்லை என்று விட்டால் கணக்கில் ஓட்டை விழுந்துவிடும்.

மயிரை உதிர்க்கும் ஆடுகள்

கோடை தொடங்கும்போது ஆடுகளின் முறை வரும். ஸ்காட்லாந்துக்கு அப்பால், செயின்ட் கில்டா தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த சோவே என்ற தீவின் பழுப்பு நிற ஆடுகள் இங்கே வளர்கின்றன. உருவத்தில் சிறியவை. பழங்கால ஆடுகளின் சாயல் மாறாதவை. இவற்றின் மயிரைக் கத்தரிக்க வேண்டுவதில்லை. கோடையில் மயிரிழை தானே மெலிந்து அற்றுப் போகும், கையால் பறித்தெடுத்துவிடலாம். ஆனால் அந்தச் சில நாள்களுக்குள் பறிக்காவிட்டால் கம்பளி வேலியிலும் முட்செடியிலும் போய்விடும். ஆட்டை ஓடிப் பிடிப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை!

புகைபோக்கி இல்லாத வீடு

இரும்புக் காலத்து வீடுகள் வட்டமானவை. தோண்டும்போது தெரிவது, கம்பங்கள் நட்டிருந்த குழிகளின் வட்டம் மட்டுமே. அதற்கு மேல் எப்படி இருந்தது என்பதைக் கட்டித்தான் அறிய வேண்டும். பிம்பர்ன் என்ற இடத்தில் கிடைத்த தடயத்தை வைத்து 1976-ல் பெரிய வீடு ஒன்றைக் கட்டினார்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர். 200-க்கும் மேற்பட்ட மரங்கள் தேவைப்பட்டன.

வீட்டின் நடுவே அடுப்பு. அப்படியானால் கூரை உச்சியில் புகை போக ஓட்டை இருந்திருக்க வேண்டும் என்பதே பலரின் எண்ணம். பழைய படங்களிலும் அப்படித்தான் வரைந்திருப்பார்கள். ஆனால் ஓட்டை வைத்தால் ஆபத்து! சூடான காற்று அதன் வழியே வேகமாக மேலேறும். அதை ஈடுசெய்ய வாயில் வழியே காற்று பாய்ந்து வரும். வீடே ஓர் ஊதுலையாகிவிடும். தீப்பொறி கூரையில் பற்ற எவ்வளவு நேரமாகும்? ஓட்டை இல்லாவிட்டால் புகை உச்சியில் தேங்கி, கூரையின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அதிகத் தொல்லை இல்லை. மேலேறும் பொறிகள் ஆக்ஸிஜன் குறைந்த புகை மண்டலத்தில் அணைந்துவிடும். கூரையிலுள்ள பூச்சிகளும் ஒழியும். தொங்கவிட்ட இறைச்சியும் கெடாது.

இதனால் ஒரு பொறுப்பும் சேர்ந்தது. அடுப்பு எரியாவிட்டால் கூரையில் ஈரம் ஏறும். ஈரம் ஏறினால் பாசி படர்ந்து மக்கிவிடும். நம் கிராமங்களிலும் அடுப்புப் புகை படாத ஓலைக் குடிசையைச் செல் விரைவில் அரித்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகவே யாரும் குடியில்லாத வீடுகளில் தீ மூட்டுவதும் பட்சர் பண்ணையின் வேலைகளில் ஒன்றாயிற்று.

பண்ணை இடம் மாறியபோது பிம்பர்ன் வீட்டைப் பிரித்தார்கள். அப்போது ஒரு வியப்பு காத்திருந்தது. மண்ணுக்குள் இருந்த கம்பங்களின் அடிப்பகுதி மக்கிப் போயிருந்தது. ஆயினும் வீடு கம்பீரமாக நின்றது! கம்பங்களின் தலையை இணைத்த வளையம் போன்ற உத்திரம் அவை விலகாமல் இறுக்கிப் பிடித்திருந்ததே காரணம். கம்பத்தின் அடி மக்கினால் வீடு விழும் என்று கணக்குப் போட்டு வீட்டின் ஆயுளைச் சொல்லிவந்த முறை இதன்பின் செல்லுபடியாகவில்லை.

எரியும் பூதம்

இத்தனைக்கும் பணம்? மாணவர்கள் சுற்றுலா வருகிறார்கள். பொதுமக்கள் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஆண்டில் மிகப் பெரிய கூட்டம் கூடுவது, மே மாதத் தொடக்கத்தையொட்டி நடக்கும் பெல்டேன் விழாவுக்கு. பெல்டேன் என்பது கெல்டிக் மக்கள் கோடையை வரவேற்ற தீ விழா. வளைந்த விளார்களால் வீட்டு உயரத்துக்கும் மேலான ஒரு மனித உருவத்தைப் பின்னி, இருட்டும் நேரத்தில் கொளுத்துகிறார்கள். இத்தகைய உருவத்தைப் பற்றிய செய்தி ஜூலியஸ் சீஸரின் எழுத்தில் இருக்கிறது. ஆனால் அவர் கெல்டிக் மக்களோடு போரிட்டவர். பகைவரின் வாக்குமூலத்தை அப்படியே நம்புவதற்கில்லை. ஆகவே இதை ஆராய்ச்சி என்று கொள்ளாமல் திருவிழா என்றே கொள்ள வேண்டும். இருந்தாலும், அன்று வேடிக்கை பார்க்க வந்து, பின்னர் தொண்டராகிவிடுபவர்களும் இருக்கக்கூடும்.

குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, வேலை குறைவதில்லை. ஹேசல் என்ற சிறு மரத்தை அடியோடு வெட்டுவது அப்போதுதான். வெட்டிய கட்டையிலிருந்து நேரான விளார்கள் கொத்தாகத் துளிர்க்கும். கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போன்றது இது. அந்த விளார்கள் சுவர்ப்படல் பின்னும் பருமனுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். சுவரில் பூசக் களிமண், வைக்கோல், சாணம் இவற்றைச் சேர்த்து மிதிக்க வேண்டும். சேறு மிதிக்கும் வேலைக்கு மட்டும் பள்ளிப் பிள்ளைகளை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை!

2021-ஆம் ஆண்டில், சாலிஸ்பரி சமவெளியில் டன்ச் ஹில் என்ற இடத்தில் கிடைத்த தடயத்தைக் கொண்டு, அதைவிடப் பழமையான வெண்கலக் காலத்து வட்ட வீடு ஒன்றை இங்கே எழுப்பினார்கள். போர்க்களத்தில் உடலும் மனமும் காயமுற்ற முன்னாள் படைவீரர்கள் பலர் இதில் பங்கு கொண்டார்கள். தொல்பொருள் ஆய்வில் அவர்களை ஈடுபடுத்தி மன அமைதி பெற உதவும் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற திட்டத்தின் வழியே வந்தவர்கள் அவர்கள். மரத்தைச் செதுக்கினார்கள், கூரை வேய்ந்தார்கள், மண் பூசினார்கள். இந்த வீட்டின் மரங்கள் எத்தனை ஆண்டு தாங்கும், எங்கே முதலில் மக்கும் என்பது தெரிய இன்னும் நெடுங்காலம் ஆகும். அதுவரை யாராவது உள்ளே போய் அடுப்பை மூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.