தகர டிக்கற்று முதல் திறனட்டை வரை: மலையகத் தோட்டங்களும் கணினிப் புகுபதிகைக் காப்பும்

முன்னுரை

ஒருவர் தாம் இன்னாரென்பதைப் பிறர்க்கு எவ்வாறு நிறுவுவது என்னும் வினா, மலையகத் தமிழர் வரலாற்றிலே தலைமுறைதோறும் எழுந்துள்ளது. கப்பலேறிய துறையிலும், தோட்டத்தை விட்டு நீங்கும் வேளையிலும், பிரசாவுரிமை கோரிய அலுவலகத்திலும், வாக்குச் சாவடியிலும் அவ்வினா வெவ்வேறு வடிவில் எழுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் விடையாகக் கையில் ஓர் அத்தாட்சி கேட்கப்பட்டது. இன்று அதே வினாவைக் கணினி எழுப்புகின்றது. ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை முதலிய பகுதிகளின் தோட்ட அலுவலகங்களிலே, முன்னர் ஏட்டில் எழுதப்பட்ட பேர்க்கணக்கும், கொழுந்து நிறையும், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் கணினிக்கு மாறி வருகின்றன. அக்கணினியைத் திறந்து எண்களைப் பதிவோர் யார், மாற்றுவோர் யார் என்பது தொழிலாளியின் நாட்கூலியைத் தொடும் விடயமாகும்.

கணினியைத் திறப்பதற்குரிய பாதுகாப்பான வழிகளுள் ஒன்று, ‘ஸ்மார்ட் கார்ட்’ என வழங்கும் திறனட்டையும், அதனை வாசிக்கும் சிறு கையடக்கக் கருவியுமாகும். இவை எவ்வாறு செயற்படுகின்றன, மலையக மக்கள் முன்பு சுமந்த அத்தாட்சிகளிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றன, அவ்வேறுபாடு எந்நிலையில் அழிந்துபோகும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தகரமும் துண்டும்

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டுவதற்கு 1901ஆம் ஆண்டளவிலே தகர டிக்கற்று முறை நடைமுறைக்கு வந்தது. செல்லவேண்டிய தோட்டத்தைச் சுட்டும் குறியீடு பொறித்த தகரத் தகடொன்று தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. அதனை அணிந்து வந்தோரை வழியிலுள்ள அதிகாரிகள் உரிய தோட்டத்துக்கு அனுப்பினர். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தகடு பேசியது தோட்டத்தைப் பற்றியே. அணிந்தவர் யார் என்பதற்கு அதனிடம் சான்று எதுவும் இல்லை. ஒருவர் கழுத்திலிருந்து மற்றொருவர் கழுத்துக்கு மாறினும் அது அதே செய்தியையே சொல்லியிருக்கும்.

துண்டு என்பது வேறுவகைப் பத்திரம். தொழிலாளியோ கங்காணியோ பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடத்து இவரை விடுவிக்கலாம் எனத் தோட்ட நிருவாகம் எழுதிக்கொடுத்த சீட்டே அது. தொழிலாளியைப் பற்றிய அச்சான்று தொழிலாளியின் ஆட்சியில் இருக்கவில்லை. துண்டு இன்றி வேறு தோட்டத்திற் பதிவு பெறுதல் அரிதாயிற்று. துண்டைப் பெற்றவரோ கடனைத் தம்மோடு சுமந்து சென்றார். 1921ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டத்தின்கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. பிரசாவுரிமை இழந்தோர்க்கு அவ்வட்டையைப் பெறுதலே பேரிடராக இருந்தது. பழைய அட்டை எண்ணின் ஈற்றில் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்து நின்றது. முன்னையது பொதுவாக வாக்களிக்கத் தகுதியுடையாரையும், பின்னையது அத்தகுதி இல்லாதாரையும் குறித்தது. 2003ஆம் ஆண்டின் இந்திய வம்சாவளியினர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமே நாடற்ற நிலைக்குப் பெருமளவில் முடிவு கண்டது.

இம்மூன்று அத்தாட்சிகளுக்கும் பொதுவான தன்மையொன்று உண்டு. இவை யாவும் காட்டப்படுபவை. கண்டவர் எவரும் படிக்கலாம், படித்தவர் படியெடுக்கலாம். உரியவர் மட்டுமே அறிந்த இரகசியம் எதுவும் அவற்றில் இல்லை. பிறர் இவரைப் பற்றிச் சொன்னதை அவை சுமந்தனவேயன்றி, இவர் தம்மைத் தாமே நிறுவுதற்கு உதவவில்லை.

2. கடவுச்சொல்லின் குறை

கணினியின் கடவுச்சொல் இரகசியம் எனப்படுவது. ஆயினும் நடைமுறையில் அது எளிதிற் பகிரங்கமாகின்றது. அடையாள அட்டை எண்ணையே கடவுச்சொல்லாக இடும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1985 பெப்ரவரி 10இற் பிறந்த பெண்ணொருவரின் பழைய எண் 85541 எனத் தொடங்கும். 85 பிறந்த ஆண்டு. பெப்ரவரி 10 ஆண்டின் 41ஆவது நாள். பெண் என்பதைக் குறிக்க அதனோடு 500 கூட்டப்பட்டுள்ளது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் ஆண்டு நான்கு இலக்கங்களாயிற்றேயன்றிக் கணக்கு மாறவில்லை. பிறந்தநாளை அறிந்த எவரும் எண்ணின் பெரும்பகுதியை ஊகிக்கலாம். எண் என்பது பெயர்போன்றது, அது சாவியாகாது.

மற்றொரு குறை பகிர்வு. ஓர் அலுவலகத்தில் ஒரே கணினியும் ஒரே கடவுச்சொல்லும் உள்ளனவென்று கொள்வோம். மலையில் நிறுத்த கொழுந்து 18 கிலோ. மாலையில் கணக்கில் விழுந்தது 16 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கப்பட்டதா, தவறிப் பதியப்பட்டதா, பின்னர் மாற்றப்பட்டதா? ஒரு தோட்டத்தில் வகுத்த நிறைக்கு இரண்டு கிலோ குறைந்தமையால் முழுப்பேர் அரைப்பேராகுமாயின், இவ்வினா அன்றைய கூலியின் பாதியைப் பற்றியதாகும். அனைவரும் ஒரே சொல்லால் நுழைவதால், மாற்றியவர் யாரெனக் கணினியாற் சொல்ல இயலாது. குற்றமற்ற எழுதுவினைஞரும் தம்மை விடுவித்துக்கொள்ள வழியில்லை.

3. திறனட்டையின் அமைப்பு

பிளாத்திக்கு அட்டையில் நுண்சில்லைப் பதிக்கும் எண்ணம் 1960களின் பிற்பகுதியில் ஜேர்மனியரான ஹெல்முற் குறொத்றுப், யூர்கன் டெத்லொவ் ஆகியோரிடம் தோன்றியது. 1974இற் பிரான்சியரான றொலான் மொறேனோ தமது காப்புரிமையைப் பதிந்தார். 1977இல் மிசெல் உய்கோன் நுண்செயலி கொண்ட அட்டைக்கு வழிகண்டார். அது முதல், அட்டை செய்தியைத் தாங்கும் தகடாக மட்டும் நில்லாது, கணக்கிடும் ஒரு சிறு கணினியாயிற்று.

அட்டையின் நீளம் 85.60 மில்லிமீற்றர், அகலம் 53.98 மில்லிமீற்றர், தடிப்பு 0.76 மில்லிமீற்றர். முகப்பிலுள்ள பொன்னிறச் சதுரம் சில்லின் தொடுவாய். அட்டைக்குள் மின்கலம் இல்லை. வாசிப்பானிற் செருகியதும் தொடுவாய்களின் வழியே மின்னும் கடிகாரத் துடிப்பும் சில்லுக்குக் கிடைக்கின்றன. சில்லு விழித்துத் தன் வகையைத் தெரிவிக்கும். பின்னர் ஒரே தொடுவாயின் வழியே கேள்வியும் மறுமொழியும் மாறிமாறிச் செல்லும்.

கையடக்க வாசிப்பான் சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவி. யூஎஸ்பி வடத்தாற் கணினியோடு இணைக்கப்படும் அது வேண்டிய மின்னையும் அங்கிருந்தே பெறுகின்றது. அதனிடம் இரகசியம் எதுவும் இல்லை. அட்டைக்கும் கணினிக்கும் இடையே அது தூது செல்வது. ஆகவே வாசிப்பான் தொலைந்தால் கருவியின் விலையே நட்டமாகும்.

4. வினாவும் விடையும்

புகுபதிகை இரு படிகளில் நிகழ்கின்றது. முதலில் உரியவர் தமது இரகசிய இலக்கத்தை அழுத்துவார். சில்லு அதனைத் தனக்குள்ளேயே ஒப்புநோக்கும். பொதுவாக மூன்று முறை தொடர்ந்து பிழைத்தால் அட்டை தன்னைப் பூட்டிக்கொள்ளும். ஆகவே கண்டெடுத்தவர் ஒவ்வோர் எண்ணாக முயன்று பார்க்க இயலாது.

அடுத்துக் கணினி, முன்னர் வழங்கப்படாத எண்ணொன்றை வினாவாக விடுக்கும். சில்லு தன்னுள் உள்ள மறைசாவியால் அதனை மாற்றி விடையளிக்கும். கணினியிடம் இருப்பது அதற்கு இணையான பொதுச்சாவி. அதனால் விடையைச் சோதிக்கலாம். விடையை ஆக்க இயலாது. இதற்கு அடிப்படையான கணிதமுறைகளுள் ஒன்றை 1977இல் றிவெஸ்ற், சமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்தனர்.

சிறிய எண்களால் இதனை விளக்குவோம். யாவரும் அறிந்த பொதுச்சாவி 3, 33 என்னும் எண்கள்; சில்லில் ஒளிந்த மறைசாவி 7. கணினி 4 என வினவுகின்றது. சில்லு 4ஐ ஏழுமுறை தன்னால் பெருக்கி 16,384 எனக் கண்டு, 33ஆல் வகுத்து மீதி 16ஐ விடையாகத் தருகின்றது. கணினி 16ஐ மும்முறை பெருக்குகின்றது. வருவது 4,096, 33ஆல் வகுக்க மீதி 4. கேட்ட எண்ணே மீண்டது. ஆகவே விடையளித்தது உரிய அட்டையே. இடையில் 7 என்னும் எண் எங்கும் வெளிப்படவில்லை. ஒட்டுக்கேட்டவர்க்குக் கிட்டிய 16 அடுத்த முறை உதவாது. அப்போது வினாவே வேறாகும்.

33 என்பது மூன்றும் பதினொன்றும் பெருக்கியது எனக் கண்டவர் 7ஐயும் கண்டுவிடுவார். எனவே மெய்யான அட்டைகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட எண்கள் கையாளப்படுகின்றன. அவற்றின் காரணிகளைப் பிரித்தறியும் நடைமுறை வழி இன்றில்லை. ஆயின் காரணிகளைத் தெரிவதிற் குறை நேரின் காப்பு தளரும். 2017இல் எஸ்தோனியாவின் தேசிய அட்டைகளிலிருந்த சில்லில் இத்தகைய குறை தெரியவந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின் சான்றிதழ்கள் இடைநிறுத்தப்பட்டுப் புதுப்பிக்கப்பட நேர்ந்தது.

2017 ஒக்டோபர் முதல் இலங்கையில் வழங்கப்படும் புதிய தேசிய அடையாள அட்டையில் கோட்டுக்குறியீடு உள்ளது. பொறி அதனை விரைவில் வாசிக்கும். ஆயினும் கோட்டுக்குறியீடு வினாவுக்கு விடைகாணும் ஆற்றல் உடையதன்று. அச்சிட்ட குறியீட்டைப் படியெடுத்தால் படியும் அதையே சொல்லும். இவ்வகையில் அது தகர டிக்கற்றின் இனத்தைச் சார்ந்தது. திறனட்டையின் இனத்தைச் சார்ந்ததன்று.

5. மலையகச் சூழலும் பயன்பாடும்

தோட்ட அலுவலகத்தில் ஒவ்வோர் உத்தியோகத்தரும் தத்தம் அட்டையால் நுழைவாராயின், ஒவ்வொரு பதிவும் மாற்றமும் ஒருவர் பெயரோடு பிணைக்கப்படும். 18 கிலோ 16 கிலோவான இடமும் நேரமும் மாற்றியவரும் தெரியவரும். கழிவு நியாயமானதாயின் அதன் காரணமும் பதியப்படலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியற் பதிவுகளுக்கும் ஒப்பங்களுக்கும் சட்ட ஏற்பு அளித்துள்ளமையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

மலைப்பகுதியில் தொலைத்தொடர்பு தடைப்படுதல் உண்டு. அட்டையும் கணினியும் நிகழ்த்தும் வினாவிடைக்கு இணையம் வேண்டியதில்லை. கணினியில் பொதுச்சாவி இருந்தாற் போதும். தொலைந்த அட்டைகளின் பட்டியலை இணைப்புக் கிடைக்கும்போதெல்லாம் புதுப்பித்தல் வேண்டும். அது தாமதிக்குமளவுக்குத் தொலைந்த அட்டையும் செல்லுபடியாகலாம். மூடுபனியின் ஈரம் தொடுவாய்களைக் கெடுக்குமாதலால் வாசிப்பானை உலர்ந்த பெட்டியில் வைத்தல் நன்று.

விரல்ரேகையே போதாதா எனக் கேட்கலாம். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் தேய்ந்த விரல்களைப் பொறி அறியாது விடுதல் கூடும். ரேகை களவு போயின் வேறு ரேகை பெற இயலாது. அட்டை களவு போயின் வேறட்டை பெறலாம்.

கணினியில் விசைகளைப் பதிவுசெய்யும் தீய நிரல் புகுந்திருப்பின், விசைப்பலகையில் அழுத்திய இரகசிய இலக்கம் களவாடப்படும். பலர் கையாளும் கணினிக்கு, தன்மேலேயே எண்விசைகள் கொண்ட வாசிப்பானே ஏற்றது. அட்டையைச் செருகியபடி எழுந்து செல்லும் வழக்கமும் தவிர்க்கப்படவேண்டியது. அட்டையை எடுத்தவுடன் கணினி பூட்டிக்கொள்ளுமாறு அமைத்தல் இயலும்.

6. அட்டை யார் கையில்?

இதுவரை கூறியன யாவும் இரு நிபந்தனைகளைச் சார்ந்தவை. மறைசாவி சில்லுக்குள்ளேயே பிறந்து அங்கேயே தங்கவேண்டும். அட்டையும் இரகசிய இலக்கமும் உரியவரிடமே இருக்கவேண்டும். முதலாவதைச் சில்லு செய்வோர் காக்கலாம். இரண்டாவதைக் காப்பது அலுவலக ஒழுங்கே.

அட்டைகள் யாவும் அலுவலக இழுப்பறையில் ஒன்றாகக் கட்டிவைக்கப்பட்டு, இலக்கங்கள் அவற்றின் உறையில் எழுதப்பட்டிருப்பின், அங்கே திறனட்டை இல்லை. துண்டே மீண்டும் வந்துள்ளது. அப்பொழுது ஒருவர் பெயரால் மற்றொருவர் பதியலாம். பதிவு கணிதத்தால் நிறுவப்பட்டதாகத் தோன்றுதலால், மறுப்பவரின் நிலை முன்னையினும் இடருடையதாகும்.

நாளை கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைக்கும் இவ்வட்டை வரலாம். தராசின் அருகே அதனைச் செருகித் தமது நிறையைத் தாமே ஏற்கும் நிலை தோன்றலாம். அந்நாளில் இரகசிய இலக்கம் என்றால் என்ன, அதனை ஏன் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லலாகாது என்பன தமிழிலே அவர்க்கு விளக்கப்படவேண்டும். திரையில் தோன்றும் நிறையைத் தமிழிற் படித்த பின்னரே அவர் ஏற்கும் வாய்ப்பும் வேண்டும். படியாது ஏற்ற ஒப்பம், முன்னாளிற் படியாது இட்ட பெருவிரல் அடையாளத்தினின்று வேறுபட்டதன்று.

முடிவுரை

தகர டிக்கற்று தோட்டத்தின் குறியைத் தொழிலாளியின் உடலில் இட்டது. துண்டு தோட்டத்தின் சொல்லை அவர்மேல் ஏற்றியது. அடையாள அட்டை எண்ணின் ஈற்றெழுத்து அரசின் தீர்ப்பைத் தாங்கியது. திறனட்டையோ, உரியவர் வைத்திருக்கும் இரகசியத்தை வெளியிடாமலே அவரை நிறுவ வல்லது. இவ்வேறுபாடு பயன்தருவது அட்டை உரியவரின் கையில் உள்ளவரையேயாகும். ஆகவே தோட்டங்களுக்கு இக்கருவியைப் பரிந்துரைப்போர், வாசிப்பானின் விலையையும் வகையையும் வினவுவதற்கு முன்னர், அட்டையை யார் வைத்திருப்பர், தொலைந்தால் யாரிடம் முறையிடுவது, பதிவைத் தொழிலாளி எங்கே பார்வையிடலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறுதல் வேண்டும்.