பேசாத சம்பந்திகள்

ஒரே வீடு, ஒரே கூரை. பத்தடி தூரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். கூடத்து மேஜையில் இருக்கும் பழையதில் உபுண்டு என்னும் லினக்ஸ். பெண்ணின் அறையில் இருக்கும் புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 11. தாத்தா பாட்டியின் சதாபிஷேகப் படங்கள், பாட்டி தன் குரலிலேயே சொல்லி வைத்த ஊறுகாய்ப் பக்குவங்கள், வரி ரசீதுகள், வீட்டுக் கணக்கு எல்லாம் பழையதில் இருக்கின்றன. புதியதிலிருந்து எட்டிப் பார்க்கலாம் என்றால், கல்யாணப் பந்தலில் முறுக்கிக்கொண்ட சம்பந்திகளைப் போல ஒன்று இருக்கும் பக்கம் மற்றொன்று திரும்ப மாட்டேன் என்கிறது!

"பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டால் போயிற்று" என்பீர்கள். ஒரு நாளைக்குச் சரி. தினமும் அப்படிச் செய்தால் ஒரே கணக்குக்கு மூன்று பிரதிகள் முளைத்து, எது புதியது என்று தெரியாமல் விழிக்க நேரும். ஆகவே சம்பந்திகளைச் சமாதானம் செய்து வைப்பதுதான் உத்தமம். ஆளை அழைக்குமுன் நீங்களே பார்க்கக்கூடிய சில விஷயங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இருவரும் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறார்களா? பல ரூட்டர்களில் வீட்டாருக்கு ஒரு வைஃபையும் விருந்தாளிகளுக்கு ஒரு வைஃபையும் உண்டு. விருந்தாளி வைஃபையில் இருப்பவர் வீட்டுக்குள் இருக்கும் யந்திரங்களைப் பார்க்க முடியாதபடி ரூட்டரே திரை போட்டுவிடும். இரண்டையும் ஒரே வைஃபையில் சேருங்கள்.

அடுத்து விலாசம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரூட்டர் ஓர் எண் விலாசம் கொடுக்கிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். ஒன்று 192.168.1.20, மற்றது 192.168.1.35 என்றிருந்தால் கவலையில்லை. ஏதாவது ஒன்று 169.254 என்று ஆரம்பித்தால், ரூட்டரிடமிருந்து விலாசமே கிடைக்காமல் அது தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வைஃபையை ஒருமுறை துண்டித்து மறுபடி சேருங்கள்.

பிறகு குரல் கொடுத்துப் பாருங்கள். 'பிங்' என்ற கட்டளை அதற்காகவே ஏற்பட்டது. விண்டோஸிலிருந்து உபுண்டுவின் விலாசத்துக்குப் பிங் கொடுத்துப் பதில் வந்தால் பாதை சரி. கோளாறு கதவில் இருக்கிறது. ஆனால் உபுண்டுவிலிருந்து விண்டோஸைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பயந்துவிடாதீர்கள். விண்டோஸின் காவல்காரன் பல சமயம் பிங்குக்கு வாயைத் திறப்பதில்லை. காது கேட்கும்; பேச மாட்டான்!

இவர்களுக்குப் பொதுவாக ஒரு பாஷை வேண்டாமா? உண்டு. எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். கம்பெனியில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்தது. பிறகு மைக்ரோஸாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்ப்யூட்டர்கள் கம்பியில் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டே அந்தப் பாஷையைக் கற்று, 1991-ன் கடைசியில் தம் யந்திரத்துக்கும் பேசச் சொல்லிக்கொடுத்தார். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடி, பின்னால் அதற்குச் 'சாம்பா' என்று பெயர் வைத்தார். உங்கள் வீட்டு உபுண்டு விண்டோஸுடன் பேசுவது இந்தச் சாம்பாவின் தயவால்தான்.

ஆகவே உபுண்டுவில் சாம்பாவை நிறுவி, வேண்டிய அறையை மட்டும் பகிருங்கள். இங்கேதான் அநேகர் தடுக்கி விழுகிறார்கள். உபுண்டுவில் நுழையும் கடவுச்சொல் வேறு. சாம்பாவின் கடவுச்சொல் வேறு. எஸ்.எம்.பி.பாஸ்வேர்ட் என்ற கட்டளையால் அதைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். கடவுச்சொல்லே இல்லாமல் விருந்தாளியாக நுழையலாம் என்றால், விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகள் பல அதற்குச் சம்மதிப்பதில்லை.

"எல்லாம் செய்தேன், 'நெட்வொர்க்' பட்டியலில் பெயரே இல்லையே!" என்கிறீர்களா? பட்டியலை நம்பாதீர்கள். விண்டோஸின் ஃபைல் ஜன்னலில் மேலே விலாசக் கட்டத்தில், இடப்புறம் சாய்ந்த கோடு இரண்டு போட்டு, உபுண்டுவின் எண் விலாசத்தை எழுதுங்கள். பெரும்பாலும் கதவு திறந்துவிடும்.

உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குள் போவதானால் இரண்டு விஷயம். விண்டோஸில் வைஃபையின் தன்மை 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். தினமும் தட்டும் நாலெழுத்துப் பின் எண் இங்கே செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. "காவலை எடுத்துவிடு; பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பைத் திறந்துவிடு, உடனே வேலை செய்யும்" என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். வேண்டவே வேண்டாம்! 2017-ம் வருஷம் மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கிருமி அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் முடங்கி, சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டவர்கள் திரும்பிப்போக நேர்ந்தது. ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோஸாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கதவு திறந்ததும் அவசரப்பட்டு அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு பெயர், சின்ன எழுத்தில் அதே பெயர் என்றால் உபுண்டுவுக்கு அவை இரண்டு படங்கள், விண்டோஸுக்கு ஒன்றேதான். பாட்டியின் படத்தின்மேல் பேரனின் படம் உட்கார்ந்துவிடும்! அப்படிப்பட்ட பெயர்களை உபுண்டுவிலேயே மாற்றிவிடுங்கள். பிரதி எடுத்தபின் இரு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, நாலு படங்களைத் திறந்தும் பாருங்கள். அதுவரை பழையதிலிருந்து ஒன்றையும் அழிக்காதீர்கள்.

பழைய யந்திரம் 'கடக் கடக்' என்று முனகினால் இந்தச் சமாதானப் பேச்செல்லாம் அப்புறம். அது கண்ணை மூடுமுன், முக்கியமானவற்றை முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ரூட்டர் விலாசங்களை மாற்றி மாற்றிக் கொடுக்கும் குணமுடையது. நேற்றுச் சென்ற விலாசத்தில் இன்று ஆள் இருக்க மாட்டார். ரூட்டரிலேயே அந்த எண்ணை உபுண்டுவுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதிவிடாதீர்கள்!