பழைய கார் ‘டக் டக்’னு இழுக்குதா? கிளட்ச் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வருஷ கார். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால் ஒரு ‘டக்’, எடுத்தால் இன்னொரு ‘டக்’. டிராஃபிக்கில் ஊர்ந்தால் வண்டி குதிக்கிறது. ‘கிளட்ச் போயிடுச்சு சார்’ என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கூலியே கணிசமாக வரும். கடைசியில் பிரச்னை ஒரு கிழிந்த ரப்பரில் இருந்தால், அத்தனையும் வீண் செலவு.

லூஸ் எங்கிருந்து வருது?

இன்ஜினின் சக்தி கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்ஸில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. கியர் பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதனால் லேசான சத்தம் சகஜம். தேய்மானத்தால் இடைவெளி கூடும்போதுதான் ‘டக்’ என்று மோதுகிறது. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்தாலும் இதே கதைதான்: கால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் இன்ஜினே முன்னும் பின்னும் ஆடும்.

எப்போ இழுக்குதுன்னு கவனிங்க

* முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் அதிர்ந்தால்: கிளட்ச் பிளேட் அல்லது இன்ஜின் மவுண்ட்.
* ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடும்போது ‘டப்’ என்று இடித்து, கியர் லீவரும் ஆடினால்: முதல் சந்தேகம் மவுண்ட் மேல்.
* ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக்டக்டக்’ என்றால்: முன்சக்கர ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயின்ட்.
* நேராகப் போய் வேகம் எடுக்கும்போது மட்டும் நடுங்கினால்: உள்பக்க ஜாயின்ட்.
* ஒரே சீரான வேகத்திலும் திக்கித் திக்கிப் போனால்: இது பெரும்பாலும் லூஸ் பிரச்னை இல்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஃபியூயல் ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது கியரில் நடக்கிற வேகத்தில் போனால் புது காரும் குலுக்கும். கியரைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால்தான் அது பிரச்னை.

வீட்டிலேயே ஒரு செக்

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் ‘பூட்’ கிழிந்திருக்கிறதா? சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கிறதா? சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால், பூட்டையும் கிரீஸையும் மாற்றினாலே தப்பிக்கலாம். தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விட்டால் ஜாயின்ட்டே காலி. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே போகாதீர்கள்.

எதைத் தள்ளிப்போடக் கூடாது?

கிழிந்த மவுண்ட்டை ஓரிரு வாரத்தில் சரிசெய்யலாம்; ரொம்ப நாள் விட்டால் மற்ற மவுண்ட்களும் கெடும். ‘டக்டக்’ சத்தம் பலமாகிவிட்ட ஜாயின்ட்டோடு ஹைவே ஏறாதீர்கள். அது உடைந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஆம்னி, பொலிரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட்டே கீழே விழலாம். ‘செக் இன்ஜின்’ விளக்கு விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதுவும் பெரிய செலவு.

மெக்கானிக்கிடம் ‘வண்டி இழுக்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த கியர், எந்த வேகம், நேராகவா திரும்பும்போதா, கால் வைக்கும்போதா எடுக்கும்போதா என்று சொல்லி, கூடவே உட்கார வைத்து ஒரு ரவுண்ட் ஓட்டிக் காட்டுங்கள். எதைக் கழற்றுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.