ஓவியங்களின் நடுவே ஒரு பகற்போசனம்

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குச் சென்று, சுவரிலே ஓவியங்களைப் பார்த்தபடி பகற்போசனம் அருந்துவதென்பது எங்கள் குடும்பத்திற்குப் பழக்கமான காரியமன்று. மூத்த மகள் கொழும்பிலே ஒரு கணக்காளர் கந்தோரில் அமர்ந்து முதற் சம்பளம் பெற்றாள். அப்பணத்தில் அப்பம்மாவை நல்லதோர் இடத்தில் இருத்திச் சாப்பிட வைக்கவேண்டுமென்பது அவளது நெடுநாளைய ஆசை.

அவள் தெரிந்தெடுத்த இடம் கொழும்பு 3, அல்பிரட் ஹவுஸ் வீதியிலுள்ள கலரி கபே. கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஒரு வைத்தியருக்கென வரைந்த வீடு அது. பின்னர் அவரது கந்தோராக விளங்கிற்று. 1998 இல் பரடைஸ் றோட் நிறுவனத்தார் அதனைக் கலைக்கூடமும் போசனசாலையுமாக மாற்றினர். வீதியில் நின்று பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது புலப்படாது. முற்றம், அதற்கப்பால் இன்னொரு முற்றம், நீர்த்தடாகம் என ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றது. நாற்சார் வீட்டிலே பிறந்து வளர்ந்த என் தாயார், "இது எங்கடை பழைய வீடு மாதிரியல்லோ, தம்பி?" என்றார். கோட்டேயிலே பாராளுமன்றத்தை வரைந்த மேதையைப் பற்றி யான் ஆயத்தம் செய்திருந்த சிறு விரிவுரை அத்துடன் முடிவுற்றது.

சுவர்களிலே இந்நாட்டு ஓவியரின் படங்கள் தொங்கின. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய படமொன்றைத் தாயார் வெகுநேரம் நோக்கினார். "பாய் இழைக்கத் தொடங்கி இடையிலே பிழைச்சுப்போச்சுது" என்பது அவரது விமர்சனம். விமர்சகர் பலர் இதனினும் குறைவாகவே கண்டு நிறைய எழுதுகின்றனர்.

கலைக்கூடத்தில் அடுப்பங்கரைக்கு என்ன வேலையென நேயர்கள் வினவலாம். 1857 இல் இலண்டன் சவுத் கென்சிங்டனில் திறக்கப்பட்ட நூதனசாலையே (இன்று விக்டோரியா அல்பேட் நூதனசாலை) இதற்கு வழிகாட்டி என்பர். அதன் தலைவர் ஹென்றி கோல் பார்வையாளருக்கெனப் போசன அறைகளை அமைத்தார். அவற்றுள் ஒன்றை 1860களில் வில்லியம் மொரிசின் குழுவினர் பச்சை வண்ணத்தில் அலங்கரித்தனர். அங்கே இன்றும் உணவு பரிமாறுகின்றனர். வள்ளுவர் செவியுணவை முன்னும் வயிற்றுணவைப் பின்னும் வைத்தார். கோல் துரையோ கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒரே வேளையில் பந்தி விரித்தார்.

எங்கள் மேசைக்கு மரக்கறி உணவுகள் வந்தன. அகன்ற கோப்பையின் நடுவே அழகாக, அளவாக இருந்தன. ருசிக்குக் குறைவில்லை. தாயார் ஒரு பருக்கையும் மிச்சம் விடாது உண்டு, எஞ்சிய பாண் துண்டொன்றைச் சேலைத் தலைப்பிலே மெல்ல முடிந்தார். யான் கூச்சத்தால் பரிசாரகர் நின்ற பக்கம் பார்த்தேன். மகளோ தன் பங்குப் பாணையும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்குப் பேணியுடன் வரிசையில் நின்றவர் என் தாயார். மகளுக்கு அப்போது ஆறு வயது. "எனக்குப் பசியில்லை, நீ குடி" என்று பேணியை அவளிடம் கொடுத்துவிடுவார். அக்கஞ்சியை இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் நினைவுக்காக வழங்குகின்றார்கள். அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் மகள், "அப்பம்மா அண்டைக்கு என்ன சாப்பிட்டவ?" என்று என்னிடம் கேட்பாள். யான் விடை சொன்னதில்லை.

பணச்சிட்டை வந்தது. எங்கள் வீட்டு ஒரு வாரச் சாமான் செலவிலும் கூடிய தொகை.

"எவ்வளவு, பிள்ளை?" என்றார் தாயார்.

"ஐந்நூறு ரூபாதான், அப்பம்மா."

"பறவாயில்லை, மலிவுதான்" என்று அவர் எழுந்தார்.

அன்றிரவு பஸ் வவுனியாவைத் தாண்டியபோது, சேலைத் தலைப்பை அவிழ்த்துப் பாணிற் பாதியை எனக்குத் தந்தார். பின்னர் சொன்னார்: "எனக்கு இங்கிலீசு தெரியாதே தவிர, இலக்கம் வாசிக்கத் தெரியும், தம்பி. பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதை."